ஒளித்து விழுங்காத மாத்திரை

மாதேஸ்வரிக்குத் தீராத இடுப்பு வலி என்றால் எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். நன்றாகச் சிரிக்கிறாள், நன்றாகச் சண்டை போடுகிறாள், வலி இருக்கிறவள் இப்படியா இருப்பாள் என்பார்கள். வலிக்கிறவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே திரிய வேண்டுமாம்.

பாகலூர்க்காரி. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் என்னோடு ஒரே மேஜையில் வேலை. ஒவ்வொரு பாகமாகக் கையில் எடுத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஷிப்ட் முழுக்க நின்றபடி. உட்கார்ந்தால் கண் அசந்துவிடும் என்பது மேலிடத்துக் கண்டுபிடிப்பு. உட்கார்ந்தே இருக்கும் அவர்களுக்குத் தெரியாதா என்ன!

கம்பெனி வேன் கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, டாக்டர் எழுதிக்கொடுத்த வீரியமான மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் அவள் நின்றாள். அளவு தாண்டினால் பழகிவிடும் என்று அவர் எச்சரித்திருந்தார். அவள் தாண்டியதில்லை.

இதற்குள் சில பையன்கள் அதே மாத்திரையைப் போதைக்கு விழுங்க ஆரம்பித்தார்கள். மருந்துக் கடைக்காரர்கள் மிரண்டுபோய், சீட்டை நீட்டினாலும் இவளை மேலும் கீழும் பார்த்தார்கள். கர்நாடகா பக்கம் போய்ச் சத்தமில்லாமல் வாங்கிச் சோற்று டப்பாவுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவா என்று நானே யோசனை சொன்னேன். "நான் என்னா திருடியா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் பார்க்கவே விழுங்கினாள்.

ஒரு நாள் கேட்டில் செக்யூரிட்டி அவள் பையைத் துழாவி மாத்திரை அட்டையை எடுத்தார். மதியத்துக்குள் அவளுக்குப் போதைக்காரி என்று பெயர். சூப்பர்வைசர் அசோக்குமார் நல்ல பிள்ளைதான், ஆனால் பயந்தாங்கொள்ளி. மாத்திரையை விடுங்கள், இல்லாவிட்டால் வேலையை விடுங்கள் என்று மேலிடம் சொன்னதை அப்படியே வந்து ஒப்பித்தான். புருஷன் இல்லாதவள், மகள் லாவண்யாவைக் காலேஜில் படிக்க வைக்கிறவள். வேலையை விட்டால் எங்கே போவாள்?

அவள் நேராக டாக்டரிடம் போனாள். திடீரென்று நிறுத்தக் கூடாது, உடற்பயிற்சியோடு மெல்ல மெல்லக் குறைக்கலாம், ஆனால் நாள் முழுக்க நின்றால் ஒன்றும் நடக்காது என்றார் அவர்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். மேஜை முன்னால் போட்டு உட்கார்ந்து பாகங்களைப் பார்க்கத் தொடங்கினாள். அசோக்குமார் ஓடி வந்து, "எழுந்திருங்கக்கா, மேல இருந்து பாக்கறாங்க" என்றான்.

மாதேஸ்வரி கையிலிருந்த பாகத்தை வைக்கவில்லை.

"நிக்க வெச்சா மாத்திர வேணும் சார். மாத்திர வேணாம்னா ஒக்கார உடணும். ரெண்டும் கூடாதுன்னா என்னத் தொரத்தறீங்கன்னு அர்த்தம். அத வாயத் தொறந்து சொல்லுங்க."

அசோக்குமார் மேலே ஒரு தடவை பார்த்தான். அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

விட்டுப்போனால் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று சாயங்காலம் அவள் ஸ்டூலைக் கையோடு எடுத்துக்கொண்டாள். எனக்கும் முழங்கால் வலி உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு ஸ்டூல்கள் ஏறின.