ஏற்றத்தில் எடுத்த தண்ணீர்

எண்ணூர் கழிமுகத்தில் தண்ணீரும் சேறும் எடுத்துச் சோதிக்க ஆட்கள் வரும்போதெல்லாம் நான் டைரியில் குறித்துக்கொள்வேன்: கிழமை, திதி, மணி, கடல் ஏறுகிறதா வற்றுகிறதா. போன கோடையில் பழைய பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. வந்த மூன்று முறையும் ஏற்றம். கடல் உள்ளே புகுந்து, ஆலைக் கழிவை நீர்க்கச் செய்துவிடும் நேரம். வற்றும்போது எடுத்தால் அல்லவா உண்மை தெரியும்? ஆலைக்காரர்கள் யாரையோ கையில் போட்டுக்கொண்டார்கள் என்றே நினைத்தேன்.

போன மாதம், நான்காம் முறை வந்தபோது, நானும் படகில் ஏறிக்கொண்டேன். படகுக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். கழிமுகத்தில் அவர் பிடிக்கும் எறாவை, அதாவது இறாலை, அவர் மனைவி காலடிப்பேட்டை மார்க்கெட்டில் விற்பார். எங்கள் வீட்டுக்கு எப்போதும் அவரிடம்தான். சோதனைக்கு வந்தவள் ஓர் இளம்பெண், காலருகே ஐஸ் பெட்டி.

"எப்பவும் இந்த நேரத்துலதான் வருவீங்களாம்மா?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணன்தான் சார் போன்ல சொல்வாரு, எப்ப வந்தா படகு தரை தட்டாதுன்னு."

அண்ணன் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு பாலம் தாண்டி, ஆலைச் சாம்பல் படிந்த கரைப்பக்கம் போகவில்லை. முகத்துவாரத்து மணல் திட்டருகே நின்றது. அவள் பாட்டிலை நிரப்பத் தொடங்கியதும் நான் பின்னால் நகர்ந்து அவரருகே உட்கார்ந்தேன்.

"என்னப்பா இது? சேறு அங்க இருக்கு, இங்க மணல அள்ள வைக்கிற?"

"கம்முனு குந்து நைனா. ரிப்போட்டுல விஷம்னு வந்தா கம்பெனிய மூடுவானா? என் பொழப்பத்தான் மூடுவான். அப்பால எறாவ எவன் வாங்குவான், நீ வாங்குவியா?"

"வாங்குவேன்."

"அதையும் டைரில எழுதிக்க" என்று சிரித்தார்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "கழிவு வந்து கலக்கற இடம் இதுதானே சார்?"

கேட்டது என்னை. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"இல்லம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம். தண்ணி வத்தினப்புறம் போகணும்."

மதியம் வரை வெயிலில் காத்திருந்தோம். வற்றியதும் அவர் படகைப் பாலத்துப் பக்கம் திருப்பினார்; எங்கும் தரை தட்டவில்லை. அங்கே அள்ளிய சேறு கன்னங்கரேலென்று, எண்ணெய் நாற்றத்தோடு வந்தது.

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. போன வியாழக்கிழமை அவர் மனைவியிடம் அரைக் கிலோ எறா கேட்டேன். "டைரில எழுதிக்கினியா?" என்றார், முகம் பாராமல் நிறுத்துப் போட்டபடி. வீட்டுக்கு வந்து கழுவுவதற்கு முன், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.