ஐலா தொரசாணியின் ஏழு கிளாஸ்கள்

கண்ணாடி வெட்டும்போது பாதியில் கை நிற்கக் கூடாது. நின்றால் கோடு விலகும், கண்ணாடிப் பலகை வீண். முப்பத்திரண்டு வருடத் தொழிலில் என் கை அப்படி நின்றது போன செவ்வாய்க்கிழமைதான். பண்டாரவளையில் என் கடையில் ஓர் அலுமாரிக் கதவுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். பின்லாந்திலிருந்து ஐலாவின் மகள் போன் பண்ணினார். அம்மா அதிகாலையில் போய்விட்டார் என்றார். இந்த ஜனவரிக்கும் இங்கே வர டிக்கெட் போட்டு வைத்திருந்தாராம்.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் அந்த வெள்ளைக்கார அம்மாவைக் 'கிளாஸ் தொரசாணி' என்று கூப்பிட்டவர்களே, என் கடையில் அவரோடு பால் கலக்காத பிளேன்டீ குடித்தவர்களே, அழுதுகொண்டு ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒரு சங்கதியைச் சொல்ல வாய் துடிக்கிறது. இருந்தாலும் முறையாக வருகிறேன்.

அவர் முதன்முதல் கடைக்குள் வந்தபோது வயது எழுபது இருக்கும். கம்பளித் தொப்பி, பெரிய பூட்ஸ். சும்மா பார்க்க வந்த சுற்றுலாக்காரி என்று நினைத்து, கண்ணாடி என்றால் என்ன, அதை எப்படி வெட்டுவது என்று என் ஓட்டை இங்கிலீஷில் கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கட்டரை வாங்கி, ஒரு கழிவுத் துண்டில் கையாலேயே வட்டம் போட்டார். சுற்றி நாலு கோடு இழுத்து, அடியில் மெல்லத் தட்டினார். ரொட்டி மாதிரி வட்டம் தனியே வந்து விழுந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன்! கடைப் பையன்கள் ஒரு மாதம் என்னைக் கேலி பண்ணினார்கள்.

அவருடைய அப்பா கண்ணாடி ஊதும் தொழிலாளி. காட்டுக்குள் இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஐலா பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். கிளாஸ்களை வெளிச்சத்தில் பிடித்துக் குமிழி பார்ப்பதுதான் வேலை. பிறகு தலைநகருக்குப் போய்ப் படித்து, அதே தொழிற்சாலைக்கு டிசைனராகத் திரும்பினார். நாற்பது வருடம் தண்ணீர்க் கிளாஸ், பால் கிளாஸ், ஜாடி என்று வரைந்து தள்ளினார். அவர் செய்த ஒரு பூச்சாடி பல நாட்டு மியூசியங்களில் இருக்கிறதாம். அதைப் பற்றிக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். "உடையாத கிளாஸ் வேலைக்குப் போகாத கிளாஸ்" என்பார். தான் வரைந்த கிளாஸ்களின் படங்களெல்லாம் உள்ள கறுப்பு அட்டை நோட்டு ஒன்று வைத்திருந்தார். தான் செய்த எந்தக் கிளாஸாவது யாரோ ஒருவர் வீட்டில் புழங்கி உடைந்தது என்று தெரிந்தால், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுவார். அவருக்கு அதுதான் பரிசு. பூச்சாடிக்குக் கோடு இல்லை.

ஒரு நாள் நமுனுகுலவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ராக்கம்மா அக்காவின் வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி போடப் போனேன். ஐலாவும் கூட வந்தார். ராக்கம்மா அக்கா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, இடது உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, வலது கையால் பிளேன்டீ குடித்தார். கொதிக்கிற கிளாஸின் விளிம்பில் கட்டைவிரல், அடியில் நடுவிரல். ஐலா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பார், பார்! அந்தக் கைக்கு யாருமே கிளாஸ் செய்யவில்லை!" ஒரு நூலை வாங்கி அக்காவின் விரல்களை அளந்தார். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னா நானா, தொரசாணி எனக்கு மோதிரமா செய்யப் போறாங்க?"

அடுத்த ஜனவரியில் கம்பளிக் காலுறைகளுக்குள் சுற்றிய ஏழு கிளாஸ்களோடு வந்து இறங்கினார். அடி கனம், இடுப்பு சற்று ஒடுக்கம், விளிம்பு வெளியே விரிந்திருக்கும். கொதிநீர் ஊற்றிப் பிடித்தேன், விரல் சுடவில்லை! ஒன்றை எனக்குத் தந்தார். மற்ற ஆறும் ராக்கம்மா அக்காவுக்கு.

அக்கா அவற்றை என்ன செய்தார்? முன்னறை ஷோகேஸில், மகனின் ஓட்டப்பந்தயக் கோப்பைக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவில் வரிசையாக வைத்தார். அதற்குப் பின் மூன்று ஜனவரி போனோம். மூன்று தடவையும் கிளாஸ்கள் ஷோகேஸில் பளபளவென்று இருந்தன. தொரசாணிக்குத் தங்க விளிம்புக் கோப்பையில் தேநீர், வீட்டாருக்குச் சில்வர் கோப்பை. கடைசித் தடவை ஐலா கைத்தடியோடு லயத்துப் படிகளை ஏறினார். திரும்பும்போது த்ரீவீலரில், "மறுபடியும் மியூசியம்" என்றார். அதில் குடிக்கும்படி நான் அக்காவிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சொன்னால் எனக்காகக் குடிப்பார்கள். அது வேண்டாம்" என்றார். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே விஷயம் இதுதான்.

செய்தி வந்த அன்று சாயந்தரமே, முன்கூட்டிச் சொல்லாமல் நமுனுகுலவுக்குப் போனேன். ராக்கம்மா அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் சீனி. வலது கையில் ஐலாவின் கிளாஸ்.

செய்தியைச் சொல்லப் போனவன் அதை மறந்து கத்தினேன். "அக்கா, இதுலயா குடிக்கிறீங்க?"

"வேற எதுல நானா? குடுத்த நாள்லருந்து இதுலதான். மத்த கிளாஸ எவன் தொடுறான்?"

"அப்ப ஷோகேஸ்?"

"தொரசாணி வர்றாங்கன்னு நீங்க போன் பண்ணுவீங்கல்ல? ஒடனே கழுவித் தொடச்சு அடுக்கிருவோம். சில்லு போன பக்கத்தச் சொவத்துப் பக்கம் திருப்பி வச்சிருவோம். ஆசையாக் குடுத்தவங்க முன்னாடி அழுக்காக் காட்டலாமா?"

அப்போதுதான் செய்தியைச் சொன்னேன். இரண்டு பேரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதோம். மூன்று வருடம், நான் போட்ட போன்தான் அந்தக் கிளாஸ்களை ஷோகேஸுக்குள் அனுப்பியிருக்கிறது. பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குற்றவாளி போல மெல்லச் சொன்னார். "நானா, கோவிச்சுக்காதீங்க. வைகாசியில ஒண்ணு ஒடஞ்சிருச்சு. அடி கெட்டியா இருந்துச்சு, வீச மனசு வரல." சாமி படத்துக்கு முன்னால் இருந்தது அந்த அடித்துண்டு. அதில் விபூதி வைத்திருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்து அங்கேயே நின்று ஐலாவின் மகளுக்கு அனுப்பினேன். நோட்டைத் திறவுங்கள், நமுனுகுலக் கிளாஸ் உடைந்துவிட்டது என்று எழுதினேன். பண்டாரவளைக்கு வந்து இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கம்: நூலால் அளந்த விரல்கள், கிளாஸின் படம், பக்கத்தில் மை காயாத சிவப்புக் கோடு. மகள் போட்டது, கோடு நேராக இல்லை.

இனி ஒரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது கிளாஸ், எனக்குத் தந்தது, நாலு வருடமாக என் கடை ஷோகேஸில்தான் இருந்தது. பக்கத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று நானே அட்டை எழுதி வைத்திருந்தேன். லயத்து வீட்டைக் குறை நினைத்தவன் நான்! அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தக் கிளாஸ்தான். நேற்று அட்டையைக் கிழித்துப் போட்டேன். இதை எழுதும்போது என் கையருகே சுடச்சுட பிளேன்டீயோடு இருக்கிறது. விளிம்பில் இன்னும் ஒரு சில்லுகூடப் போகவில்லை. போகும், இன்ஷா அல்லாஹ்.