‘நே’ என்ற ஒரு சொல்

எழுபதுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியில், எசன் நகரில், இரும்பு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவி, பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். திருநீறு பூசி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

தொழிலாளர் விடுதியில் என் அறையில் இருந்தவர் ஒரு கிரேக்கர். ஐம்பது வயதிருக்கும். அவரும் சாமி கும்பிடுகிறவர். என் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அவருடைய மாதா படம் இருக்கும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜேர்மன் மட்டும்தான்.

இளம் வயதில் தன் நாட்டு உள்நாட்டுப் போரில் சண்டை பிடித்தவர் அவர். யாரைச் சுட்டார் என்றெல்லாம் சொல்லமாட்டார். சின்னச் சின்ன விஷயங்களைத்தான் சொல்லுவார். மலையேறும்போது கோவேறு கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு, நடந்தபடியே நித்திரை கொள்வார்களாம். கழுதை கத்திக் காட்டிக்கொடுக்காமலிருக்க அதன் வாயைக் கட்டிவிடுவார்களாம். இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே ஊற்றில்தான் தண்ணீர். காலையில் ஒரு பக்கம், மத்தியானம் மறுபக்கம். அந்த நேரங்களில் யாரும் சுடுவதில்லை. ஊற்றடியில் ஒரு கல்லுக்குக் கீழே புகையிலை வைத்துவிட்டு வந்தால், மறுநாள் அதே இடத்தில் உப்பு இருக்குமாம்.

ஒருநாள் அவர் நேரம் தவறிப் போய்விட்டார். மறுபக்கத்து உடுப்போடு ஊற்றடியில் நின்றது அவருடைய சொந்தத் தம்பி. இருவரும் தண்ணீரை அள்ளிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்கள். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் பேச்சில்லை. “நான்தான் மூத்தவன். நான்தான் வாய் திறந்திருக்க வேணும்” என்று அடிக்கடி சொல்லுவார்.

என் ஜேர்மனைக் கேட்டு, கூட வேலை செய்த நம்மூர்க்காரர் ஒருவர் பகிடி பண்ணுவார். “என்னண்ணை, புத்தகம் வாசிக்கிற மாதிரி நைன், நைன் எண்டுறியள்? இல்லை எண்டதுக்கு இங்கை ஆக்கள் ‘நே’ எண்டுதான் சொல்லுவினம். நீங்களும் அப்பிடிச் சொல்லுங்கோ.” நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் கிரேக்கருக்குக் கடும் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதி வாசலில் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அதே மூக்கு, அதே நெற்றி. தம்பி என்று சொல்லாமலே தெரிந்தது. “அண்ணனுக்கு விருப்பமெண்டால்தான் மேலே வருவன். கேட்டுச் சொல்லுங்கோ” என்று அரைகுறை ஜேர்மனில் சொன்னார்.

ஓடிப்போய்க் கேட்டேன். கிரேக்கர் கண்ணைத் திறந்து என் கையை இறுக்கிப் பிடித்தார். கண்ணீர் வழிந்தது. “நே, நே” என்றார்.

கீழே வந்து, அவர் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். படியில் வைத்திருந்த ஒரு காலைத் தம்பி மெல்ல எடுத்தார். ஒரு சிறு பொட்டலத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். புகையிலை.

அறைக்குத் திரும்பினால், கிரேக்கர் ஒரு கையை மட்டும் சட்டைக்குள் விட்டபடி அயர்ந்து கிடந்தார். காய்ச்சல் வேகத்தில் ஏதோ செய்கிறார் என்று நினைத்து, சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் விட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி எங்கே? ‘நே’ என்று சொல்லி அனுப்பினேனே?” அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிரேக்க மொழியில் ‘நே’ என்றால் ஓம், ஆமாம் என்று அர்த்தம். காய்ச்சலில் மனிதர் தாய்மொழியில் பேசியிருக்கிறார்.

உடனே ஊருக்குக் கடிதம் போட்டார். பதில் தம்பியின் மனைவியிடமிருந்து வந்தது. தம்பிக்கு நெடுநாள் நோய். ஊர் திரும்பிய சில நாட்களில் இறந்துவிட்டார். அண்ணன் மன்னிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

கிரேக்கரின் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தினார். “உனக்கு என் பாஷை தெரியாது. அந்த ஊற்றடியில் எங்கள் எல்லாருக்கும் ஒரே பாஷைதான், அப்பவும் பேசவில்லை” என்றார். அந்தப் புகையிலையை அவர் கடைசிவரை பற்றவைக்கவில்லை. மாதா படத்துக்குக் கீழே அது காய்ந்து தூளானது.

பிறகு என் நாட்டிலும் சண்டை வந்தது. என் வீட்டில் தங்கியிருந்தவர்களைத் தேடி, பகையாகிப்போன அவர்களின் உறவுகள் எத்தனையோ பேர் வாசலில் வந்து நின்றார்கள். தம்பி இறந்த செய்தி வந்த அன்று பிள்ளையாருக்கு முன்னால் அழுது சொன்ன வார்த்தைப்படி, யாருக்காகவும் நான் பதில் சொல்லி அனுப்புவதில்லை. கதவைத் திறந்து, அவர்களை உள்ளே விட்டுவிட்டு, விலகி நிற்கிறேன்.