மாமா செத்துக் கிடந்த போட்டோ

எங்கள் மாமா ஒரு தடவை செத்துப்போனார். அவருக்கு ஒழுங்காகப் பிணமாகக் கிடக்கத் தெரியவில்லை என்பதுதான் அதில் பெரிய தொந்தரவு.

அக்கா அப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தாள். அப்பா இறந்த கையோடு எங்கள் ஊர் சீவலப்பேரிக்கு ஓர் ஏஜென்ட் வந்து, மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி அவளைக் கூட்டிப்போயிருந்தார். மில்லுக்குள்ளேயே விடுதி. கேட்டைத் தாண்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் கையிலிருக்கிற போனில், அவர் கேட்கக் கேட்கத்தான் பேச வேண்டும். தீபாவளிக்கு அனுப்பவில்லை, பொங்கலுக்கும் அனுப்பவில்லை. நெருங்கின சாவு என்றால் மட்டும் லீவாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் குரல் கம்மிப்போய் வந்தது. "வீட்ல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையாம்மா?" என்று கேட்டாள். கொஞ்சம் பேசிவிட்டுத் திரும்பவும் அதையே கேட்டாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வயதில் இவ்வளவு பாசமா என்று பூரித்துப்போய், எல்லாரும் நன்றாக இருக்கிறோம், நீ நிம்மதியாக இரு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாங்குநேரியில் சரக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் பைய எழுந்து உட்கார்ந்தார். "அவ விசாரிக்கல. கேக்கா. ஒரு சாவு இருந்தா அனுப்புங்கன்னு கேக்கா. கிறுக்கி, உனக்கு வெளங்கலையா?"

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் யார் சாவது என்று பேச்சு வந்தது. அப்பாவை இன்னொரு தரம் சாகடிக்க முடியாது. அம்மா தானே செத்துப்போகிறேன் என்றாள். "நீ செத்தா சின்னவளையும் பாத்துக்கிடுதோம்னு அவனுவளே தூக்கிட்டுப் போயிருவானுவ" என்று மாமா என்னைக் காட்டினார். நான் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். கடைசியில் தாய்மாமன் சாவுக்கு விடாமல் இருக்க முடியாது என்று அவரே முன்வந்தார்.

அம்மா அழுதுகொண்டே மில்லுக்குப் போன் போட்டாள். சூப்பர்வைசர் துக்கம் விசாரித்துவிட்டு, போட்டோ அனுப்புங்கள் என்றார். இந்த யோசனை எங்களுக்கு முன்னால் வேறு வீடுகளுக்கும் வந்திருக்கும் போல.

மாமா வீட்டு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டோம். தாடையைச் சேர்த்துத் தலையில் கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, தலைமாட்டில் விளக்கு. அத்தை மட்டும் பொட்டை அழிக்க மாட்டேன் என்று சண்டை போட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா சும்மா கிடக்க வேண்டியதுதானே? மாலை கழுத்தில் அரிக்கிறது என்றார். கொசு கடித்ததும் காலை உதறினார். எழுந்து போட்டோவை வாங்கிப் பார்த்து, "பெருவிரலக் கட்டிருக்கது தெரியலையே" என்று மறுபடி படுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டிய எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மா தொடையில் கிள்ளினாள் பாருங்கள், உயிர் போய்விட்டது. அந்த அழுகைதான் போட்டோவில் விழுந்தது.

அனுப்பி வைக்கிறோம், காரியம் முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று பதில் வந்தது.

மறுநாள் எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று தெரியாது. அவளிடம் போன் கிடையாது. விஷயத்தை அவளிடம் சொல்லவும் வழியில்லை. உண்மையிலேயே அனுப்பினார்களா என்பதும் சந்தேகம்தான். அம்மா கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மாமாவை வெளியே விடவில்லை. அவர் அறைக்குள் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டே, என்னைத் திட்டித் திட்டி பைபாஸுக்கு விரட்டினார். நான் ஓடுவதும் வருவதுமாக இருந்தேன். நாகர்கோவில் பஸ் ஒவ்வொன்றும் நிற்காமல் போகும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அக்கா வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

சாயங்காலம் ஒரு பஸ் நின்று அக்கா இறங்கினாள். பாதி ஆளாகிப் போயிருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசி. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் என்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"எடுத்துட்டாங்களா?" என்றாள்.

தெருவில் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. "இன்னும் எடுக்கல" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். அது பொய்யும் இல்லையே.

உள்ளே மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா வாசல்படியிலேயே நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்து, "நான் சாவு கேட்டேன்லா மாமா. கேட்டதுனாலதான் போயிட்டீங்கன்னு வழி பூரா..." என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றபடியே அழுதார்.

சோறு தின்ற பிறகு மாமாவுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. இனி நீ அங்கே போக வேண்டாம், நாம் ஜெயித்துவிட்டோம் என்றார்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "என் ரூம்ல இன்னும் பிள்ளைய இருக்கு மாமா. ஒருத்திக்கு அப்பா மட்டுந்தான். ஒருத்திக்கு யாருமே இல்ல. அவளுக்கு யாரு சாவா?"

அவளே தொடர்ந்து சொன்னாள்.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கணும். நீங்க வரணும்."

"நான் செத்தவன்லா. நான் வந்தா போட்டோ பொய்யின்னு ஆயிரும்லா?"

"ஆவட்டும். ஒருத்தி வீட்டுக்கு வாரதுக்கு என்னல்லாம் செய்ய வேண்டியிருக்குன்னு, செத்தவரே வந்து சொன்னாத்தான் நம்புவாவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் கழித்து வந்தவள், வந்த அன்றைக்கே யாரோ பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறாளே. அந்தப் பிள்ளைகளுக்கும் மாமா இருப்பார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கத்தினேன். அக்கா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். நான் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் கேட்டைத் திறந்துவிட வேண்டும், அதற்கு யாரும் சாக வேண்டியதில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எங்களுக்காகச் செத்துக் கிடந்த மாமாவுக்கும் தெரியாது.