என் மகளுக்கு ஒரு தோழி கேட்டேன்

போன வருடம் என் மகள் யாழினியின் பிறந்தநாளுக்கு ஒரு குழந்தைகூட வரவில்லை. வேலப்பன்சாவடியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். புது கவுனைப் போட்டுக்கொண்டு அவள் ஜன்னலிலேயே நின்றாள். "எல்லாருக்கும் டியூஷன் இருக்கும்மா" என்று எனக்கு அவளே சமாதானம் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் மொட்டைமாடியில் ஓடி விளையாடும் சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மனை நம்பும் சகோதரிகளே, அன்று என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாழினி நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு ஏடிஎச்டி இருப்பதாகப் பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மா சொன்னார். ஓரிடத்தில் உட்கார மாட்டாள். தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டாள். அடுத்தவர் பேசும்போது நடுவில் பாய்வாள். மனதில் கள்ளம் கிடையாது. ஆனாலும் ஆட்டம் கலைந்துவிடும். மாடி வீட்டு அம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: "தப்பா எட்துக்காதக்கா. உன் பொண்ணு வந்தா ஒரு ஆட்டமும் முடியறதில்ல. எங்க ஊட்டு பசங்க அழுதுகினு வருதுங்க. நான் இன்னா பண்றது?"

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருமுனை நாகாத்தம்மன் கோயிலில் எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். கைகூப்பக்கூடத் தோன்றவில்லை. அழுதேன். "தாயே, அவள் முதல் மார்க் வாங்க வேண்டாம். அவளுக்கு ஒரே ஒரு தோழி கொடு."

தை பிறந்ததும் கீழ் வீட்டுக்கு ஆவடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டு அம்மா பெயர் கலா. அவருக்கு ஒரு மகள், மோனிஷா. யாழினியின் வயதுதான். நல்ல பெண், ஆனால் திக்கித்திக்கிப் பேசுவாள். முதல் எழுத்திலேயே நின்றுவிடும். அதனால் அதிகம் வாய் திறக்க மாட்டாள்.

டாக்டரம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். "கூட்டத்தோட அனுப்பாதீங்க. ஒரு பிள்ளை போதும். கொஞ்ச நேரம் போதும். என்ன ஆட்டம்னு முன்னாடியே பேசி வைங்க. சண்டை வர்றதுக்குள்ள முடிச்சிருங்க" என்றார். அப்படியே செய்தேன். மோனிஷாவை எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். கேரம் போர்டு, பிறகு ஆளுக்கொரு கொய்யாப்பழத் துண்டு, அவ்வளவுதான். இருவரும் சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள். அன்று யாழினி தூக்கத்திலும் சிரித்தாள். அம்மன் கொடுத்துவிட்டாள் என்று பூரித்துப்போனேன்.

அது நிலைக்கவில்லை. பங்குனியில் ஒரு மாலை எல்லாப் பிள்ளைகளும் மாடியில் இருந்தார்கள். மோனிஷா தைரியமாக ஒரு விடுகதை சொல்ல ஆரம்பித்தாள். வார்த்தை நின்றது. யாழினிக்குப் பொறுக்கவில்லை. "சீக்கிரம் சொல்லேன்டி!" என்று கத்தி, அந்த விடுகதையைத் தானே சொல்லி முடித்து, விடையையும் சொல்லிவிட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மோனிஷா இறங்கி ஓடிவிட்டாள்.

கலா என் வாசலுக்கு வந்தார். கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தது. "இப்பதான்க்கா வாய் தொறந்து பேச ஆரமிச்சா. இப்ப ஸ்கூலுக்கே போமாட்டேன்னு உக்காந்துகினு கீறா. கொஞ்ச நாள் வேணாங்க்கா."

மறுபடியும் அம்மன் முன்னால் போய் நின்றேன். "கொடுத்ததை ஏன் தாயே பிடுங்கிக்கொண்டாய்?" என்று சண்டையே போட்டேன். அப்போது, எங்கிருந்து வந்ததோ, மனதில் ஒன்று பட்டது. இவளுக்கு ஒரு தோழியைக் கொடு என்று கேட்டேன். இவளை ஒரு நல்ல தோழியாக்கு என்று இதுவரை கேட்கவே இல்லையே. அன்றிலிருந்து வேண்டுதலை மாற்றினேன்.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர். வேலை முடிந்து வந்ததும் யாழினியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அன்று வேலையில் நடந்த கதையை மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொல்வார். அவர் முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசாமல் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். முதலில் நெளிவாள், எழுந்து ஓடுவாள், திரும்பி வருவாள். "பரவால்ல கண்ணு, இன்னொருவாட்டி பாக்கலாம்" என்பார் அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். சித்திரை, வைகாசி இப்படியே போயின.

ஒருநாள் அவளே கேட்டாள், "அம்மா, நான் மோனிஷாகிட்ட சாரி சொல்லட்டா?" கூட்டிப் போனேன். "நீ பேசும்போது நான் புகுந்துட்டேன். அது உன் விடுகதை" என்றாள். மோனிஷா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். யாழினி அன்று முழுவதும் அழுதாள். நானும்தான்.

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, வரிசையில் எங்களுக்குப் பின்னால் கலாவும் மோனிஷாவும் நின்றார்கள். மோனிஷா மெல்ல முன்னால் வந்து யாழினியின் கையைத் தொட்டாள். "நா... நா... நா..." வார்த்தை அங்கேயே நின்றது. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். யாழினி நகரவில்லை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நாளைக்கு வரியாம்மா?" என்று எடுத்துக்கொடுத்துவிட்டேன்.

யாழினி என் பக்கம் திரும்பினாள். "அம்மா, சும்மா இரும்மா. அவ சொல்லுவா."

மோனிஷா மூச்சை இழுத்துவிட்டு முழுசாகச் சொன்னாள்: "நா... நானும் உன்கூடவே உக்காந்து குடிக்கிறேன்."

அந்த இடத்திலேயே எனக்குக் கண்ணீர் கொட்டியது. கலா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

யாழினிக்கு ஏடிஎச்டி போய்விடவில்லை. இன்றும் சண்டை வருகிறது, இன்றும் டாக்டரம்மாவிடம் போகிறோம். ஆனால் சண்டைக்குப் பிறகு சேர்ந்துகொள்ளத் தெரிந்திருக்கிறது. மாலை ஆனால் கீழிருந்து ஒரு குரல் திக்கித்திக்கிக் கூப்பிடுகிறது. பேர் முழுதாக வரும்வரை காத்திருந்துவிட்டுத்தான் என் மகள் படியிறங்குகிறாள்.

தாயே, உனக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்? பிள்ளைக்குத் துணையில்லையே என்று கலங்கி நிற்கும் அம்மாக்களே, அவள் சன்னதிக்கு வந்து மனம்விட்டு அழுங்கள். அவள் காட்டும் வழியில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நடங்கள். அவள் கைவிட மாட்டாள்.