வெள்ளிப்பல் வாத்தியார்

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் போதும், வலது காலால் வெறுந்தரையை மிதிக்க ஆரம்பித்துவிடுவார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி வண்டியில் அவருக்கென்று தனி பிரேக் உண்டு. பேருந்திலும் என் காரிலும் கிடையாது. அது அவர் காலுக்குத் தெரிந்தால்தானே. தெருவே அவரை ‘பிரேக் வாத்தியார்’ என்கிறது. எனக்கு அக்கா வீட்டுக்காரர்.

வண்டி பழக வருகிறவர்கள் எதில் கொண்டுபோய் இடித்தாலும் கோபப்பட மாட்டார். “குப்பைத்தொட்டிதானே, போகட்டும். அது நிக்கிற இடமே சரியில்ல” என்று வாய்கொள்ளாமல் சிரிப்பார். அப்போது கடைவாயில் நாலு அடைப்புகள் மின்னும். பள்ளிக்கூடத்து வயதில் சொத்தைக்கு அடைத்தவை. அதை வெள்ளி என்றே நம்பிக்கொண்டிருந்தார் மனிதர். “கஷ்டம்னு வந்தா அடகு வெச்சுக்கலாம் மச்சான்” என்பார் என்னிடம்.

போன மாதம் யாரோ புண்ணியவான் கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பிவைத்தான். அந்த அடைப்பில் பாதிக்குப் பாதி பாதரசமாம், ஆவி கிளம்புமாம், நரம்பெல்லாம் போச்சாம். அன்றிலிருந்து சாவியை மறந்தால் பாதரசம், கால் மரத்துப்போனால் பாதரசம். “பாதரசம்னா பாதத்துலதானே இருக்கணும், வாயில அதுக்கு என்ன வேலை?” என்று என்னிடம் நியாயம் கேட்டார். அக்கா விடுவாளா? “கல்யாணமான புதுசுல என்னை சினிமா தியேட்டர்லயே மறந்துட்டு வந்தீங்களே, அதுவும் பாதரசமா?” என்றாள்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் அவர் மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். பேத்தியை இவர் தூக்குகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே. கையை நீட்டமாக வைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு முத்தம் கிடையாது. கேட்டதற்கு, “என் மூச்சு பட்டா பிள்ளைக்கு ஆகாது மச்சான்” என்று என் காதில் மட்டும் சொன்னார்.

மகளுக்கு அது தெரியாது. “அப்பாவுக்குப் பொம்பளப் பிள்ளைன்னு மனசுல குறையா மாமா?” என்று அடுக்களையில் என்னிடம் கேட்டாள். “அட பைத்தியமே, அவருக்குப் பல்லு பயம்” என்றேன். நம்பினாளோ என்னவோ, பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். நாலு அடைப்பையும் குடைந்து எடுத்துவிடுவது என்று வாத்தியார் கிளம்பியபோது நானும் கூடப் போனேன்.

பல் மருத்துவர் அம்மாவுக்கு நல்ல பொறுமை. வாயைத் திறக்கச் சொல்லி நிதானமாகப் பார்த்தார். “பாதரசம் இருக்கறது நிஜம்தான். நானே இப்ப புதுசா யாருக்கும் வைக்கிறதில்ல. ஆனா உங்களோடது கெட்டியா, நல்லா இருக்கு. அதுலேர்ந்து வர்றது ரொம்பக் கொஞ்சம். குடைஞ்சு எடுத்தாத்தான் ஆவி அதிகமா கிளம்பும். பேசாம விட்டுடுங்க” என்றார். “ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கணும்கிறீங்க” என்று வாத்தியார் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

“இந்த வாயோட பேத்திக்கு முத்தம் குடுக்கலாங்களா?”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “தாராளமா குடுங்க” என்றார்.

வீட்டில் பிள்ளை மகளின் மடியில் விழித்துக் கிடந்தது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டுக் குனிந்தார்.