வெட்டிய பத்து விநாடிகள்

தேவா அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் மகளின் அக்குளில் வெப்பமானியை வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடகர் குழுவின் வட்சப்பில் மூன்று வரி. காலையில் நெஞ்சுநோவு என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. அடக்க ஆராதனைக்கு நான் போகவில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இதை இரண்டு மாதம் பிந்தி எழுதுகிறேன்.

பருத்தித்துறையில் பலருக்கு அவர் தபால் கந்தோர்த் தேவா. எங்களுக்கோ, ஆலயத்தில் ஒலிபெருக்கியைக் கவனித்தபடி மைக்குகளுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிற்பவர். பாடமாட்டார். கேட்டால், "ஆண்டவர் எனக்குக் காது மட்டும்தான் தந்தவர்" என்பார்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பத்துப் பாட்டுகளை நாங்களே பதிவது என்று குழு முடிவெடுத்தது. கணினி இருந்ததும் தெருச் சத்தம் எட்டாததும் உடுப்பிட்டியில் எங்கள் வீடுதான். எந்த மென்பொருளில் பதிவது என்பதில்தான் இழுபறி. கனடாவிலிருக்கும் என் மச்சாள் சொன்னதற்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும். குழுவில் ஒருவர், பெரிய ஸ்டூடியோக்களில் பாவிப்பது என்று சொல்லி, பூட்டு உடைத்த பிரதியொன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். எனக்கு வைரஸ் பயம். தேவா அண்ணை அந்தப் பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழாம் பாட்டு என்ன பிள்ளை?"

"பத்துக் கட்டளைப் பாட்டு, அண்ணை."

"களவு செய்யாதே எண்டு பிள்ளையளைப் பாடவைச்சு, அதைக் களவெடுத்த சாமானிலையோ பதியிறது?"

கொண்டுவந்தவர்தான் முதலில் சிரித்தார்.

பிறகு தேவா அண்ணை தன் சோதனையைத் தொடங்கினார். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்று, பாவித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று தருவது இரண்டு. ஒவ்வொன்றிலும் என்னை ஒரு பாட்டின் முதல் அடியைப் பாடச் சொல்வார். பாதியை வெட்டுவார். சேமித்து, கணினியை நிறுத்திவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த நாள் வந்து திறந்து, வெட்டிய பாதியைத் தேடுவார். எத்தனை தடங்கள், எத்தனை வாத்தியங்கள் என்று நான் பட்டியல் வாசிக்க, அவர் கேட்டது ஒரே கேள்விதான்: வெட்டினது திரும்பி வருமோ?

எனக்குப் பொறுமை போய்விட்டது. "வேண்டாம் எண்டுதானே வெட்டிறம், அண்ணை. பிறகேன் அது?"

"வேண்டாம் எண்டு இண்டைக்கு நினைக்கிறீர். நாளைக்கும் நீர்தானே இருந்து கேக்கப்போறீர்?"

இலவசமானதில், மூடித் திறந்தபின் வெட்டியது வெட்டியதுதான். ஒன்று எங்கள் பழைய கணினியில் நகரவே மறுத்தது. மூன்றாவதில், பதிவின் இடது ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறைந்திருந்த பாதி அப்படியே வெளியே வந்தது. விலையும் பரவாயில்லை, ஒருமுறை கட்டினால் போதும். "இதுதான்" என்றார் தேவா அண்ணை.

பதிகிற நாட்களில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டுக்கு முன்னால் பத்து விநாடி யாரும் அசையக்கூடாது. அறையின் இரைச்சலைத் தனியே பிடித்தால்தான் பிறகு அதைக் கழிக்கலாம். அதற்கும் முன்னால் மைக்கை நோக்கிக் குனிந்து, தபால் கந்தோரில் பார்சலைப் பதிபவர் போலச் சொல்வார்: "மூண்டாம் பாட்டு. ரெண்டாந்தரம். பக்கத்து வளவிலை மோட்டர் ஓடுது." அதையெல்லாம் நான் வெட்டிவிடுவேன். பிள்ளைகளுக்கு மோட்டர் எதற்கு?

மகளின் காய்ச்சல் மாறியபின் அவர் வீட்டுக்குப் போனேன். மலர் அக்கா, அவருடைய மனைவி, வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். நோர்வேயிலுள்ள மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள் என்பதால் வரமுடியவில்லையாம்.

"அப்பான்ரை குரல் எங்கையும் இருக்கோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். எழுதித்தான் அனுப்புவார், இல்லாட்டி நேரை கோல் எடுப்பார். ஊர் ஆக்களின்ரை குரலெல்லாம் பிடிச்ச மனிசன், தன்ரையை ஒருத்தரிட்டையும் விட்டிட்டுப் போகேல்லை. உம்மட்டை ஏதும் இருக்கோ பிள்ளை?"

"பாத்துச் சொல்லுறன் அக்கா" என்றேன். இருக்காது என்றுதான் நினைத்தேன். பாடாத மனிதர். பேசியதையும் நானே ஒன்றுவிடாமல் வெட்டியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து முதலாம் பாட்டைத் திறந்தேன். நேரே பாட்டுத்தான் தொடங்கியது, நான் சுத்தமாக வெட்டிய இடத்தில். அப்போதுதான் அவருடைய சோதனை ஞாபகம் வந்தது. இடது ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தேன்.

"முதலாம் பாட்டு. முதலாந்தரம். காத்துப் பலம். ஒருத்தரும் கதிரையை ஆட்டாதேங்கோ."

பத்தில் எட்டுப் பாட்டுகளில் அவர் இருந்தார். மற்ற இரண்டின் மூலப் பதிவுகளை, கணினி நிரம்பிவிடுமோ என்ற பயத்தில் நான் எப்போதோ அழித்திருந்தேன். அதை மலர் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "எட்டுக் கிடைச்சுதே" என்றார். அன்றே நோர்வேக்கு அனுப்பினோம். மகள் கேட்டுவிட்டு ஒரு வரிதான் எழுதினாளாம்: அப்பா வேலையில் நிற்கிற மாதிரியே இருக்கு.

பாட்டுகள் ஞாயிறு பள்ளியில் இருக்கின்றன. நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் எனக்கென்று வைத்திருப்பது ஆறாம் பாட்டின் முன்பகுதியை. அதில் அவர் வாய் திறக்குமுன்பே எல்லோரும் மூச்சையடக்கி நிற்கும்போது, அவர் 'அம்மாச்சி' என்று செல்லமாகக் கூப்பிடும் என் மகள் ரகசியக் குரலில், "மாமா, இனிக் கதைக்கலாமோ?" என்று கேட்கிறாள். அன்று பதிவு கெட்டுவிட்டதே என்று அவள் வாயைப் பொத்தினேன். தேவா அண்ணை பதிவை நிறுத்தவில்லை.

"ஆறாம் பாட்டு" என்கிறார். "அம்மாச்சி கதைக்கிறா. இருக்கட்டும்."